ஜாவாவில் முதல் புரோகிராம்: ஒரு சொல்லைக் காட்ட ஏன் இவ்வளவு எழுத வேணும்?

படுவான்கரைப் பிள்ளை
எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல்.ல ஐ.சி.ரி. படிச்சனான். பைதன் கொஞ்சம் ஓடும். கெம்பஸ் தொடங்க முன்னம் ஜாவாவும் பழகுவம் எண்டு முந்தாநாள் தொடங்கினன். அண்ணன்ட பழைய லெப்டொப், விண்டோஸ் 10.

எழுதினது இதுதான். சிறப்புச் சொல்லெல்லாத்தையும் உச்சரிப்புல தமிழாத்தான் போடுறன், நான் தட்டக்குள்ள ஆங்கிலத்துலதான் தட்டினன்.

பப்ளிக் கிளாஸ் ஹலோ {
  பப்ளிக் ஸ்டாட்டிக் வொய்ட் மெயின்(ஸ்ட்ரிங்[] ஆர்க்ஸ்) {
    சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்எல்என்("வணக்கம்");
  }
}

ரெண்டு கேள்வி. ஒண்டு, கறுப்பு ஜன்னலத் (கட்டளை தட்டுற கொமாண்ட் புரொம்ப்ட்) திறந்து ஜாவா வேர்ஷன் கேட்டா 1.8 எண்டு ஒழுங்கா விடை சொல்லுது. ஆனா ஜாவாசி எண்டு தட்டினா அப்பிடி ஒரு கட்டளையே தனக்குத் தெரியாது எண்டுது. ஒண்டு இருந்து மற்றது எப்பிடி இல்லாமப் போகும்? ரெண்டாவது, பைதன்ல ஒரே வரி. இங்க ஏன் இவ்வளவு?

நெசவூர் (மருதமுனை)
தங்கச்சி, முதல் கேள்விக்கு மட்டும் இப்ப சொல்றன். உங்கட அண்ணன்ட லெப்டொப்ல இருக்கிறது ஜே.ஆர்.ஈ. அது ஓட்டுறதுக்கு மட்டும். நீங்க எழுதினத ஜாவா ஓட்டிக்கு விளங்கிற பைட்கோடா மாத்துற ஆள்தான் ஜாவாசி, கொம்பைலர். அது ஜே.டி.கே.லதான் வரும், புரோகிராம் எழுதுற ஆக்களுக்கான முழுப் பொதி அது. யாரோ முந்தி ஏதோ ஒரு சொஃப்ட்வெயாருக்காக ஜே.ஆர்.ஈ.ய மட்டும் போட்டிருப்பாங்க.

எங்கட ஊர்ல பாவு ஓட்டி முடிச்சாத்தான் தறியில ஏத்தலாம். ஜாவாவும் அப்பிடி ரெண்டு வேலை. ஜாவாசி ஹலோ.ஜாவாவ வாசிச்சு ஹலோ.கிளாஸ் எண்டு ஒரு ஃபைல் செய்யும். பிறகு ஜாவா அந்தக் கிளாஸ் ஃபைல எடுத்து ஓட்டும். பைதனும் உள்ளுக்குள்ள இப்பிடி மாத்தித்தான் ஓட்டுது, ஆனா உங்கட கண்ணுக்குக் காட்டாது.

எக்லிப்ஸ் டெமுரின் எண்டு தேடி ஜே.டி.கே. 21 இறக்குங்க, காசில்ல. போட்டு முடிஞ்சதும் திறந்து கிடக்கிற கறுப்பு ஜன்னல மூடிட்டுப் புதுசாத் திறக்க வேணும். பழைய ஜன்னலுக்குப் புதுப் பாதை தெரியாது. கன பேர் இந்த இடத்துல அரை நாள் தொலைக்கிறாங்க.

படுவான்கரைப் பிள்ளை
நன்றி நாநா. போட்டிட்டன், இப்ப ஜாவாசி பேசுது. ஆனா "ஃபைல் நொட் ஃபவுண்ட்: ஹலோ.ஜாவா" எண்டுது. ஃபைல் டெஸ்க்டொப்ல என்ட கண்ணுக்கு முன்னால இருக்கு. நானும் டெஸ்க்டொப் ஃபோல்டருக்குள்ளதான் நிக்கிறன்.

ஒலுவில் காத்து
நோட்பேட்லதான எழுதினீங்க? அந்த ஃபைல்ட உண்மையான பேர் ஹலோ.ஜாவா.டிஎக்ஸ்டி. விண்டோஸ் கடைசி வால மறைச்சு வைக்கும். கறுப்பு ஜன்னல்ல டிஐஆர் எண்டு அடிச்சுப் பாருங்க, முழுப் பேரும் வரும். ஃபோல்டர்ல வியூவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்ல சரி போட்டு விடுங்க, இனி ஒருநாளும் ஏமாத்தாது. முதல் வருஷம் எங்கட லேப்ல பாதிப் பேருக்கு இதுதான் நடந்த.

இன்னொண்டு. பப்ளிக் கிளாஸ்ட பேரும் ஃபைல்ட பேரும் ஒண்டா இருக்க வேணும். பெரிய எழுத்து சின்ன எழுத்தும் பார்க்கும்.

படுவான்கரைப் பிள்ளை
வால்தான்! பேர மாத்தினன். ஜாவாசி அடிச்சா ஒண்டுமே சொல்லாம அடுத்த வரிக்கு வந்திட்டுது. ஏதோ நிண்டுட்டுது எண்டு நினைச்சுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தன், பிறகுதான் விளங்கிச்சு, பிழை இல்லாட்டி அது வாய் திறக்காது. ஹலோ.கிளாஸும் வந்திருந்திச்சு.

ஆனா ஓட்டினா கன வரியில பிழை. அதுல எனக்கு வாசிக்கக் கிடைச்சது: இந்த ஃபைல் கிளாஸ் ஃபைல் வேர்ஷன் 65.0, இந்த ஓட்டியால 52.0 வரைக்கும்தான் ஏலும். 65 என்ன, 52 என்ன? நான் 21தான போட்டன்?

வட்டைக்காரன் (திருக்கோவில், ஐ.சி.ரி. ஆசிரியர்)
பிள்ளை, பிழைச் செய்தியை முழுவதும் வாசித்து அதிலுள்ள இலக்கங்களை எடுத்து எழுதியிருக்கிறீர். "ஓடுது இல்ல சேர்" என்று மட்டும் சொல்லும் மாணவரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நீர் எழுதிய இலக்கங்களிலேயே விடை இருக்கிறது.

ஜாவா பதிப்பு எண்ணோடு 44ஐக் கூட்டினால் கிளாஸ் ஃபைல் பதிப்பு வரும். 8 என்றால் 52. 17 என்றால் 61. 21 என்றால் 65. ஆக, கொம்பைல் செய்தது புதிய 21, ஓட்ட வந்தது பழைய 8. இரண்டும் உமது கணினியில் இருக்கின்றன. கட்டளை தட்டும்போது விண்டோஸ், பாத் என்ற பட்டியலில் முதலில் கண்ணில் படுகிற ஃபோல்டரில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். பழைய ஜே.ஆர்.ஈ. அந்தப் பட்டியலில் முன்னால் நிற்கிறது. வேர் ஜாவா என்று தட்டும், இரண்டு பாதைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பழையதை வேறு எதற்கும் பாவிக்காவிட்டால் கழற்றிவிடும். தேவை என்றால் பாத் பட்டியலில் புதியதை மேலே ஏற்றும்.

அந்த 65 எங்கே எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? ஹலோ.கிளாஸ் ஃபைலின் தலைப்பகுதியிலேயே. எல்லா ஜாவா கிளாஸ் ஃபைலும் ஒரே நாலு பைட்டில்தான் தொடங்கும். அதைப் பதினாறடி எண்ணில் எழுதினால் "கஃபே பேப்" என்று ஆங்கிலத்தில் வாசிக்கலாம். அதற்கு அடுத்த நாலு பைட்டுக்குள் இந்தப் பதிப்பு இலக்கம் இருக்கும். ஓட்டி முதலில் அதைப் பார்த்து, தன்னால் ஏலாது என்றால் உள்ளே போகாமலே திருப்பி அனுப்பிவிடும்.

படுவான்கரைப் பிள்ளை
சேர், பழையதக் கழட்டினன். ஓடிட்டுது! ஆனா வணக்கம் வரல்ல. வந்தது இதுதான்:

???????

ஏழு கேள்விக்குறி. ரெண்டு மூண்டு தரம் எண்ணினன், ஏழுதான். வ, ண, க், க, ம் எண்டு அஞ்சு எழுத்துத்தான?

நெசவூர்
இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்து எழுதுறன்.

கேள்விக்குறி வந்தா எழுத்து வழியிலேயே தொலைஞ்சிட்டுது எண்டு அர்த்தம். பெட்டி பெட்டியா வந்தா எழுத்து வந்து சேர்ந்திட்டுது, வரைஞ்சு காட்ட ஃபொண்ட்தான் இல்ல எண்டு அர்த்தம். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா தமிழ்ல வாற முக்கால்வாசிப் பிரச்சினைய நீங்களே கண்டுபிடிப்பீங்க. உங்கட கறுப்பு ஜன்னல் இன்னும் பழைய ஆங்கில எழுத்து அட்டவணையில நிக்குது, அதுல தமிழுக்கு இடமில்ல. இடமில்லாத ஒவ்வொண்டுக்கும் ஜாவா ஒரு கேள்விக்குறி போடும்.

ஓட்ட முன்னம் சிஎச்சிபி 65001 எண்டு தட்டுங்க. அது யுடிஎஃப்-8, தமிழுக்கும் இடமுள்ள அட்டவணை. அதுக்குப் பிறகு கேள்விக்குறி போய்ப் பெட்டி வரும். மைக்ரோசொஃப்ட் ஸ்டோர்ல விண்டோஸ் டெர்மினல் இருக்கு, அதுலயும் இதத் தட்டிட்டு ஓட்டினா எழுத்தே வரும்.

இப்ப ஏழுக்கு வாறன். யூனிகோட்ல க் எண்டது ஒரு எழுத்தில்ல. க ஒண்டு, புள்ளி ஒண்டு. ம்-மும் அப்பிடித்தான். வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. ஏழு. "வணக்கம்"ட நீளம் எவ்வளவு எண்டு லெங்த் போட்டுக் கேட்டாலும் ஜாவா 7 எண்டுதான் சொல்லும். நாம எண்ணுற மாதிரி அஞ்சு வேணும் எண்டா பிரேக்இட்டரேட்டர் எண்டு ஒரு கிளாஸ் ஜாவாவோடயே வருது, அதால எண்ண வேணும். தமிழ்ல பேர் பதியிற ஃபோர்ம் செய்யிற ஆக்கள் இதத் தெரியாம "பத்து எழுத்துக்கு மேல கூடாது" எண்டு வைச்சு, முழுப் பேரையும் எழுத விடாமச் செஞ்சத என்ட வேலையிலேயே கண்டிருக்கிறன். அதால சொல்றன், முதல் நாள்லயே இது உங்களுக்குத் தெரிஞ்சது நல்லது.

பாமினி ஃபொண்ட்ல மட்டும் தட்டாதீங்க. அது பார்வைக்குத் தமிழ், உள்ளுக்கு ஆங்கில எழுத்து. பாமினியில புள்ளிக்குரிய விசையே செமிக்கோலன்தான். ஜாவாவுல அத மேற்கோள் குறிக்கு வெளியில தட்டினா வரியே முடிஞ்சிட்டு எண்டு எடுத்துக்கொள்ளும்.

செங்கலடிச் சந்தி
எல்லாம் சரி, ஆனா நான் ஒண்டு சொல்ல வேணும். ஒரு பிள்ளை முதல் புரோகிராம் எழுத இவ்வளவு அலைய வேணுமா? பைதன் தெரிஞ்ச பிள்ளை, அதுலயே கிளாஸ் பழகட்டுமே. ஜாவாதான் எண்டா 2025 செப்டெம்பர்ல வந்த ஜாவா 25ஐப் போடுங்க. அதுல பப்ளிக், ஸ்டாட்டிக், வெளிக் கிளாஸ் ஒண்டுமே தேவையில்ல. வொய்ட் மெயின் எண்டு எழுதி உள்ள ஐஓ.பிரிண்ட்எல்என். முடிஞ்சுது. ஜாவா செஞ்ச ஆக்களே தொடக்கக்காரருக்கு அந்தச் சடங்கு பாரம் எண்டு ஒத்துக்கொண்டுதான் எடுத்திருக்கிறாங்க. 2018ல வந்த 11லயிருந்து ஜாவாசி இல்லாமலே நேர ஜாவா ஹலோ.ஜாவா எண்டும் ஓட்டலாம்.

வட்டைக்காரன்
நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. முதல் நாளே ஒரு பிள்ளை "எனக்கு இது ஏலாது" என்று எழுந்து போனால் அது பிள்ளையின் குற்றமல்ல. என் வகுப்பிலும் அப்படி எழுந்து போனவர்கள் உண்டு. அதனால் 25இல் தொடங்குவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலும் வேலைத்தளத்திலும் இந்தப் பிள்ளை காணப்போவது பெரும்பாலும் பழைய வடிவம். அதைக் கண்டதும் பயப்படக்கூடாது. அதோடு இந்தப் பிள்ளை இப்போதே அந்த வாசலைத் தாண்டிவிட்டது.

பிள்ளையின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் ஒருவரும் விடை சொல்லவில்லை. மெயினை அழைப்பது நீர் அல்ல, வெளியே இருக்கிற ஓட்டி. வெளியாருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும், அதனால் பப்ளிக். அது எந்த விடையையும் திருப்பித் தரப்போவதில்லை, அதனால் வொய்ட். புரோகிராமின் பெயருக்குப் பின்னால் நீர் ஏதும் தட்டினால் அவை வந்து சேரும் பெட்டிதான் ஆர்க்ஸ். ஸ்டாட்டிக்குக்கு மட்டும் இப்போது ஒரு வரியில் சொன்னால் பாடமாக்குவீர், விளங்காது. ஒரு பொருளைச் செய்துபாரும், பிறகு பேசுவோம்.

பொருளை வைத்து யோசிக்கும் இந்த முறை ஒஸ்லோவில் 1960களில் சிமுலா என்ற மொழியில் பிறந்தது. டாலும் நைகார்டும் அதைச் செய்தது வெளியுலகில் நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்க்க. ஜாவா அதற்கு வெகு பிந்தி, ஜேம்ஸ் கொஸ்லிங்கும் அவருடைய குழுவும் 1991இல் தொடங்கி 1995இல் வெளியே விட்டது. ஆனபடியால் நீரும் உமது வீட்டைச் சுற்றி நடப்பதையே எடும். படுவான்கரை என்றால் வயல் இருக்குமே. வயல் என்று ஒரு கிளாஸ் எழுதும். கிளாஸ் என்பது அச்சு, அதிலிருந்து நியூ போட்டுச் செய்வதுதான் பொருள்.

போன் மட்டும்
இடையில கேட்கிறதுக்கு மன்னிக்க வேணும். எனக்கு லெப்டொப் இல்ல, போன் மட்டும்தான் இரிக்கி. நானும் இதச் செய்யலாமா?

ஒலுவில் காத்து
அண்ட்ரொய்ட் போன் எண்டா செய்யலாம் மச்சான். எஃப்-டிரொய்ட் எண்ட ஆப் கடையில டெர்மக்ஸ் இறக்குங்க, அது போனுக்குள்ள ஒரு கறுப்பு ஜன்னல். உள்ள பிகேஜி இன்ஸ்டோல் ஓபன்ஜேடிகே-17 எண்டு தட்டுங்க. டேட்டா கொஞ்சம் குடிக்கும், வைஃபை உள்ள இடத்துல வைச்சு இறக்குங்க. பிறகு இங்க சொன்ன ஜாவாசி, ஜாவா எல்லாம் அப்பிடியே வேலை செய்யும். வட்ஸ்அப்ல வாற கோட ஒட்ட வேணாம், மேற்கோள் குறி வளைஞ்சு வரலாம், அத ஜாவா ஏத்துக்கொள்ளாது. கையால தட்டுங்க.

படுவான்கரைப் பிள்ளை
மூண்டு நாள் வர ஏலாமப் போச்சு, அறுவடை. இப்ப வயல் எழுதிட்டன் சேர். பேரெல்லாம் தமிழ்ல வைச்சுப் பார்த்தன், ஜாவா ஏத்துக்கொள்ளுது! எனக்குச் சரியான சந்தோசம்.

கிளாஸ் வயல் {
  ஸ்டாட்டிக் இன்ட் ஏக்கர்;
  ஸ்டாட்டிக் இன்ட் மூடை;
}

மெயினுக்குள்ள அப்பா எண்டு ஒரு நியூ வயல், சித்தப்பா எண்டு ஒரு நியூ வயல். அப்பா.மூடை 70, சித்தப்பா.மூடை 80. ரெண்டையும் காட்டச் சொன்னா 80, 80 எண்டு வருது. அப்பாட 70 எங்க போச்சு?

ஸ்டாட்டிக் முதல்ல போடல்ல. தொடக்கத்துல வயல்.மூடை எண்டு எழுதினன், ஸ்டாட்டிக் இல்லாத ஒண்ட இப்பிடிக் கூப்பிட ஏலாது எண்டு பிழை வந்திச்சு. தேடினா ஸ்டாட்டிக் போடு எண்டு இருந்திச்சு. போட்டன், பிழை போயிட்டு.

வட்டைக்காரன்
பிழைச்செய்தி போய்விட்டது, பிழை உள்ளே குடியேறிவிட்டது. ஜாவா பழகும் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை நிற்பார்கள். நன்றாக நின்று பாரும்.

உங்கள் வட்டையில், அதாவது வயல்வெளித் தொகுதியில், எத்தனை வயல், அதற்குப் பொறுப்பான வட்டவிதானை எத்தனை பேர்? வயல் நூறு இருக்கும். ஒவ்வொரு வயலுக்கும் தன் ஏக்கர், தன் விளைச்சல். வட்டவிதானை வட்டைக்கு ஒருவர்தான். அப்பாவின் வயலில் நின்று "ஆர் விதானை" என்று கேட்டாலும் சித்தப்பாவின் வயலில் நின்று கேட்டாலும் ஒரே ஆளின் பெயரைத்தான் சொல்வார்கள். ஆளை மாற்றினால் எல்லோருக்கும் மாறும்.

ஸ்டாட்டிக் என்றால் விதானை. நீர் மூடையை விதானை ஆக்கிவிட்டீர். வட்டைக்கே ஒரு மூடைக் கணக்கு. முதலில் 70 எழுதினீர், பிறகு அதே இடத்தில் 80 எழுதினீர். 70 எங்கும் போகவில்லை, அதற்கு என்று தனி இடமே இருக்கவில்லை.

முதலில் வந்த பிழையையும் இப்போது திரும்ப வாசியும். வயல்.மூடை என்றால் "வயலின் மூடை எத்தனை" என்று கேட்கிறீர். எந்த வயல் என்று சொல்லவில்லை. ஜாவா அதைத்தான் திருப்பிக் கேட்டது. அதற்கு விடை ஸ்டாட்டிக் அல்ல, அப்பா.மூடை.

இனி மெயின் ஏன் ஸ்டாட்டிக்? ஓட்டி வந்து மெயினைத் தேடும் நேரத்தில் ஒரு வயலும் இன்னும் வெட்டப்படவில்லை, ஒரு நியூவும் நடக்கவில்லை. ஒரு பொருளும் இல்லாத நேரத்திலும் கூப்பிடக்கூடிய ஒன்று வேண்டும். 25இல் அதையும் எழுதத் தேவையில்லை, ஓட்டியே ஒரு பொருளைச் செய்துகொண்டு மெயினைக் கூப்பிடும்.

செங்கலடிச் சந்தி
சேர், இந்த விதானைக் கதைய ஏழு வருஷத்துக்கு முன்னம் எனக்கு ஆராவது சொல்லியிருந்தா நான் ஜாவாவ விட்டுட்டுப் போயிருக்கமாட்டன். மேல சொன்னதுல நிக்கிறன், தொடக்கம் லேசா இருக்க வேணும். ஆனா தங்கச்சி இந்த 80, 80ஐக் கண்டது பெறுமதிதான்.

நெசவூர்
தமிழ்ப் பேர் பற்றி ஒரு எச்சரிக்கை. உள்ளுக்குள்ள வயல், மூடை எண்டு தாராளமா வைங்க. மெயின் இருக்கிற கிளாஸையும் ஃபைலையும் மட்டும் விண்டோஸ்ல ஆங்கிலத்துல வைங்க. ஜாவா வயல் எண்டு கட்டளையா அடிச்சா அந்தப் பேர் பழைய அட்டவணை வழியாப் போய்த் திரும்பவும் கேள்விக்குறியாப் போயிரும். லினக்ஸ்லயும் டெர்மக்ஸ்லயும் இந்தப் பிரச்சினை இல்ல.

படுவான்கரைப் பிள்ளை
விளங்கிட்டு சேர். ஸ்டாட்டிக் ரெண்டையும் எடுத்தன், 70, 80 எண்டு வந்திச்சு.

பிறகு ஏக்கருக்கு எத்தனை மூடை எண்டு சொல்ற ஒரு மெதட்டும் வயலுக்குள்ள போட்டன். அப்பாட காணி 2.5 ஏக்கர், அத இன்ட்டுக்குப் போட விடுதில்ல. சித்தப்பாட 3 ஏக்கருக்கு 80 மூடைய வகுத்தா 26 எண்டு மட்டும் வருது, மிச்சத்தக் காணல்ல.

ஒலுவில் காத்து
இன்ட் முழு எண் மட்டும்தான் பிடிக்கும். இன்ட்ட இன்ட்டால வகுத்தா தசமத்த வெட்டி எறிஞ்சிரும், கிட்டிய எண்ணுக்குக் கூட்டாது. ஏக்கர டபிள் எண்ட தசம எண் வகையா மாத்துங்க. மூடை இன்ட்டாவே இருக்கட்டும், ஒண்டு டபிளா இருந்தாலே போதும்.

படுவான்கரைப் பிள்ளை
அப்பாவுக்கு 28.0. சித்தப்பாவுக்கு 26.666666666666668. கடைசியில ஏன் 8?

நெசவூர்
டபிள் உள்ளுக்குள்ள இரண்டடி எண்ணுல (0, 1 மட்டும்) எழுதுது. 80ஐ 3ஆல வகுத்தா வாறத அதுக்குள்ள முழுசா அடக்க ஏலாது, கிட்டியதத்தான் வைச்சுக்கொள்ளும். காட்டக்குள்ள பிரிண்ட்எஃப் பாவிச்சு, சதவீதக் குறி, புள்ளி, 2, எஃப் எண்டு போடுங்க. ரெண்டு தசமத்தோட நிக்கும். காசுக் கணக்குக்கு டபிள் பாவிக்க வேணாம், அத வேற நாளைக்குப் பேசுவம்.

படுவான்கரைப் பிள்ளை
28.00, 26.67.

லெப்டொப்ப அப்பாவுக்குக் காட்டினன். அவர் கனநேரம் பார்த்துட்டு, "சித்தப்பாட மூண்டு ஏக்கர் இல்ல மனே, வாய்க்கால் போட எடுத்தது போக ரெண்டே முக்கால்" எண்டார். சித்தப்பா.ஏக்கர் எண்ட ஒரு வரிய மட்டும் 2.75 ஆக்கித் திரும்ப ஜாவாசி, திரும்ப ஜாவா. சித்தப்பாவுக்கு 29.09 வந்திச்சு. அப்பாட வயல் 28.00லயே நிண்டுது.